வைருலன்ஸ்: நஞ்சா, வீறா?

தஞ்சாவூரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் அத்தை மகள், மருத்துவமனையில் தொற்றும் எண்டிரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பற்றிய தன் ஆய்வை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தாள். ‘வைருலன்ஸ் ஜீன்’ என்பதை ‘நச்சு மரபணு’ என்றாள். திருவையாறு பக்கம் நாலு மா நிலம் வைத்திருக்கும் சித்தப்பா உடனே, “நஞ்சுன்னா, சாப்பாட்டுல கலந்துடுதாம்மா?” என்றார். தப்பு அவர்மேல் இல்லை, சொல்மேல்தான்.

வைருலன்ஸுக்கு மூலம் லத்தீன் ‘வைரஸ்’. கிருமி என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்தது. முதலில் அது நஞ்சுதான். சமஸ்கிருத ‘விஷ’மும் அதே வேரில் பிறந்த உறவு. அந்த விஷம்தான் நம் ஊர்க் கோயில் பாட்டுகளில் ‘விடம்’ ஆகிறது. ஆக, பிறப்பைப் பார்த்தால் ‘நச்சு’ சரி. (நஞ்சைக்கும் நஞ்சுக்கும் உறவில்லை, அது நன்செய்.)

ஆனால் இன்றைய பொருள் வேறு. ஒரு கிருமி உடம்புக்கு எவ்வளவு கேடு செய்ய வல்லது என்பதே வைருலன்ஸ். எண்டிரோகாக்கஸையே பாருங்கள். கிரேக்கத்தில் ‘எண்டிரான்’ குடல், ‘காக்கஸ்’ மணி, விதை. நுண்ணோக்கியில் இரண்டிரண்டாகவும் சிறு சங்கிலியாகவும், சற்றே நீள்வட்டமாகத் தெரியும். நெல்மணியைவிட, தாளடி அறுவடைக்கு முன் தெளிக்கிற உளுந்தைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது. நம் குடலில் சாதுவாக இருக்கும் இது, சிறுநீர்க் குழாய் போட்ட நோயாளியின் சிறுநீர்ப்பைக்கோ, ரத்தத்துக்கோ போனால்தான் வம்பு. பொதுவாக, நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டினால் மருத்துவமனைத் தொற்று என்று கணக்கு.

அங்கே அதற்கு உதவும் மரபணுக்களில் நான்கை எடுத்துக்கொள்வோம். ‘ஈஎஸ்பி’ கிருமியின் மேற்பரப்புப் புரதத்துக்கானது. ஒட்டிக்கொள்ளவும், ரப்பர் குழாய்மேல் வழவழவென்று படலம் கட்டவும் கைகொடுக்கும். ‘ஏஎஸ்ஏ1’ கிருமிகளை ஒன்றோடொன்று திரளச் செய்து, மரபணு கைமாறவும் வழிசெய்யும். ‘ஜெல்ஈ’ ஜெலட்டின் போன்ற புரதங்களை வெட்டும் நொதிக்கானது. ‘சைல்ஏ’ இருந்தால்தான் செல்லை உடைக்கும் சைட்டோலைசின் வேலை செய்யும். இந்த நான்கோடு தொடர்புள்ளவற்றில் நஞ்சு என்று தயங்காமல் சொல்லத்தக்கது சைட்டோலைசின் ஒன்றுதான். ஈஎஸ்பி செய்வது பசை வேலை. பசையை நஞ்சு என்றால் எப்படி?

சரி, ‘வீரியம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? பூச்சிமருந்துக்கும் பாம்பு விஷத்துக்கும் வீரியம் சொல்கிறோமே. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டெல்டாவில் ‘வீரிய மரபணு’ என்றால் வீரிய ஒட்டு ரக விதைதான் முதலில் நினைவுக்கு வரும். சித்தப்பா ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டுவிடுவார்!

என் தேர்வு ‘நோய்வீறு’. மரபணுவோடு சேர்த்தால் ‘நோய்வீறு மரபணு’. முன்னால் ‘நோய்’ நிற்பதால் விதைக் குழப்பம் வராது. ‘நஞ்சு’ இல்லாததால் சாப்பாட்டுக் குழப்பமும் வராது. நஞ்சு சுரக்கும் திறனுக்கு மட்டும் ‘நச்சுத்தன்மை’ இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று: மரபணு இருந்தாலே வேலை நடக்கிறது என்று பொருளில்லை. ஜெல்ஈ இருந்தும் அந்த நொதியைச் சுரக்காத கிருமிகள் உண்டு. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாமை வேறு கணக்கு, அது மருந்தெதிர்ப்பு. எண்டிரோகாக்கஸின் இனங்களில், நோய்வீறு மரபணுக்கள் பெரும்பாலும் ஃபீகாலிஸ் இனத்தில்தான் நிறைய. வான்கோமைசின் எதிர்ப்பில் ஃபீசியம் இனம் முந்திக்கொள்ளும். கிருமியை வளர்த்துப் பார்த்துத் தரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட்) என்று போட்டிருப்பது மருந்தெதிர்ப்பைத்தான். நோய்வீறு பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இருக்காது.