யூரோ பேக்கில் பிடித்த சிறுநீர்

காலையில் ஆய்வகக் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது, இரவில் வார்டுகளிலிருந்து வந்து சேர்ந்த சிறுநீர் டப்பாக்கள்தான். நுண்ணுயிரியல் மருத்துவராகிய எனக்கு நாள் தொடங்குவது அங்கேதான். ஒரு நாள் வந்த சீட்டில், முதியவர், பக்கவாதம், கதீட்டர் (சிறுநீர் வடியும் குழாய்) போட்டு மூன்று வாரம் என்று எழுதியிருந்தது. காய்ச்சல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வார்டுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"காய்ச்சல் இல்லை டாக்டர். யூரின் கலங்கலாக இருந்தது, அனுப்பினோம்."

"எங்கிருந்து எடுத்தீர்கள் சிஸ்டர்?"

"யூரோ பேக்கைத் திறந்து பிடித்தோம்."

கதீட்டர் வழியே வடியும் சிறுநீர் சேரும் பைதான் யூரோ பேக். அதில் மணிக்கணக்காகத் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகாமல் என்ன செய்யும்? கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், மில்லிக்கு ஒரு லட்சம் கிருமிக்கு மேல் என்று நானே அறிக்கை எழுதுவேன். அதைப் பார்த்து யாராவது மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கை எழுதுவார். கவனமாகப் பயன்படுத்த வேண்டியது என்று உலக சுகாதார நிறுவனம் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கும் மருந்து அது. நோயே இல்லாதவருக்கு ஏழு நாள் ஊசி! சரியாகவே எடுத்தாலும், ஒரு மாதம் கதீட்டர் இருந்தால் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் கிருமி இருக்கும். அறிகுறி இல்லையென்றால், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர யாருக்கும் மருந்து வேண்டாம். சொல்லப்போனால் கல்ச்சரே வேண்டாம்.

சிஸ்டர்மேல் கோபம் வரவில்லை. ஆன்டிபயாடிக் பற்றிச் செவிலியர்களுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பு அப்படி. 1928, ஃபிளெமிங் படம், பென்சிலின் கதை, பிறகு தேநீர், பிஸ்கட். கடைசியில் வைக்கும் தேர்வில் ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது என்று எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். சிறுநீரை எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை; நானும் கேட்டதில்லை.

அன்று மதியம் சிரிஞ்சோடு வார்டுக்கே போனேன். குழாயைக் கிளாம்ப் போட்டு, சிறிது நேரம் விட்டு, மாதிரி எடுக்கும் முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, அங்கிருந்து உறிஞ்சிக் காட்டினேன். ஓரத்தில் நின்ற பயிற்சி செவிலியர் கேட்டார்: "மூன்று வாரப் பழைய கதீட்டர் ஆயிற்றே மேடம், இதிலிருந்தே எடுக்கலாமா?"

சரியான கேள்வி. இரண்டு வாரம் தாண்டினால், காய்ச்சல் இருந்து கல்ச்சர் தேவைப்பட்டாலும், புதுக் கதீட்டர் மாற்றி அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதை என் ஸ்லைடு எதிலும் நான் போட்டதில்லை.

அந்த அரை மணி நேரத்தில் டாக்டர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வகுப்பு தனியாக நடக்கிறது. அங்கேயும் ஃபிளெமிங்தான்.