ஜெய்சால்மருக்கு அருகில்

மாணவனாக இருந்தபோது நான் ஒட்டிய தாவரத் தாள் ஒன்று, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தில் இன்னும் இருக்கிறது. செடி பதமாக உலர்ந்திருக்கிறது. இடம் என்ற வரியில் 'ஜெய்சால்மருக்கு அருகில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டம் ஏறக்குறைய கேரளத்தின் அளவு. யார் போய் எந்த மணல்மேட்டில் தேடுவது?

தார் பாலைவனத்தில் மழை விழுந்ததும் ஒருபருவச் செடிகள் அவசர அவசரமாக முளைத்துப் பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் பூவை மட்டும் கிள்ளி வந்து பெயர் கேட்கிறார்கள். நம் ஊர் நெருஞ்சி அங்கேயும் உண்டு. அதன் பங்காளி இனங்களும் உண்டு. மஞ்சள் பூ எல்லாவற்றிலும் ஒரே சாயல். காயின் முள்ளைப் பார்த்தால்தான் இனம் பிடிபடும். எனவே சிறு செடியை வேரோடு, பூவும் காயுமாக எடுக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே செய்தித்தாளில் விரித்து, செடியைத் தட்டையாக அழுத்தி உலர்த்தும் சட்டமான 'அழுத்தி'யில் வைத்துவிடுங்கள். காலையில் விரிந்த நெருஞ்சி பிற்பகலில் இதழை உதிர்த்துவிடும். விடுதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பையில் காம்புதான் மிஞ்சும்.

நாய்வேளை போன்ற பிசுபிசுப்பான செடிகளில் மணல் அப்பிக்கொள்ளும். உதறலாம், துடைக்கக் கூடாது; துடைத்தால் சுரப்பி மயிர்களும் போய்விடும். கள்ளிமுளையான் வகைகளின் சதைப்பற்றுத் தண்டு அழுத்திக்குள் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்தால்தான் அடங்கும்.

செடியைவிடக் குறிப்பேடு முக்கியம் என்பேன். பூவின் நிறமும் மணமும் தாளில் தங்காது. செடியின் உயரம், மண்ணின் தன்மை, தேதி, செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கலையும். ஆடு மேய்ப்பவரிடம் பெயர் கேளுங்கள். 'போக்' என்று அவர்கள் சொல்லும் புதரின் மொட்டு தயிர்ப் பச்சடிக்கு ஆகிறது, வேர் கரி சுடுவதற்குப் போகிறது. தோண்டித் தோண்டி அது இல்லாமல் போன மேட்டில், முன்பு இருந்தது என்பதற்குச் சரியான இடம் குறித்த தாள்தான் சாட்சி.

இருபது செடி இருந்தால் ஒன்றை எடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். அதற்கும் குறைவென்றால் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். பாலைவனத் தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

பழைய மாதிரிகளில் தேதி விடுபட்டிருந்தால், சுற்றியிருக்கும் செய்தித்தாளைப் பார்த்துக் காலத்தை ஊகிப்பது உண்டு. அப்படி இடமும் பிடிபடுமோ என்ற ஆசையில், ஒட்டாமல் விட்ட என் செடியின் இன்னொரு படியைத் தேடிப் பிரித்தேன். ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுபோன தமிழ் நாளிதழ். திருநெல்வேலிப் பதிப்பு.