பால் ஸ்டோர் ஆசிட்டும் சுண்ணாம்புக் கல்லும்

ஆசிட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர்தான். எங்கள் தோட்டம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் அம்மா நிரைக்குப் போய் மரம் சீவி, மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வருவார். ஸ்டோரில் அதை நிறுத்து, தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றுவார்கள். அப்புறம் நீர்த்த பார்மிக் ஆசிட். கிளறிவிட்டுப் பொறுத்திருந்தால் பால் தயிர்போல உறைந்துவிடும். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் எல்லாவற்றின்மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஆசிட் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் ஒட்டிக்கொண்டு திரண்டுவிடுகின்றன.

பல வருடம் கழித்து நிலவியல் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குள் நுழைந்தபோது அதே வாடை. சுருக்கென்று மூக்கில் ஏறியது. அங்கே வாளியில் இருந்தது சுண்ணாம்புக் கல். பாலை உறைய வைக்கும் அதே ஆசிட்டில் கல் கரைந்துகொண்டிருந்தது.

சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல், பவளம், கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்கள் ஆகியவற்றின் ஓடுகள் கடல் தரையில் குவிந்து, அழுந்தி, இறுகி உண்டானது. ஆசிட் பட்டால் கார்பனேட் உடைந்து, கரியமில வாயு குமிழ் குமிழாக வெளியேறும்; கால்சியம் தண்ணீரோடு கலந்துவிடும். ஆனால் கல்லுக்குள் கார்பனேட் அல்லாத எதுவும் இருந்தால் அது வாளியின் அடியில் தங்கிவிடும். ஆய்வாளர்கள் தேடுவது அந்த அடிக்கசடைத்தான்.

அதில் கிடைக்கும் பொக்கிஷத்துக்குப் பெயர் கோனோடான்ட். விலாங்குபோல நீண்ட, மிகச் சிறிய கடல் உயிரினம் ஒன்றின் வாயில் இருந்த பல் போன்ற உறுப்பு அது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நம் பல்லைப்போலவே கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. அதனால்தான் கல் கரையும்போது அது மிஞ்சுகிறது. அவசரப்பட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றினால் கல்லோடு பல்லும் போய்விடும். பார்மிக் அல்லது அசிட்டிக் ஆசிட்டைச் சுமார் 10 விழுக்காட்டுக்கு நீர்க்கச் செய்து, கல்துண்டுகளை ஊறப்போட்டு, நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள். பிறகு கசடைச் சலித்து, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். கிலோ கணக்கில் கல்லைக் கரைத்தும் ஒன்றுமே கிடைக்காத நாட்கள் உண்டு. இந்தப் பொறுமை எனக்குப் பால்மரம் சீவுபவர்களின் பொறுமையைத்தான் நினைவூட்டியது.

இவ்வளவு பாடு எதற்கு? இந்த உயிரினம் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றி, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் டிரையாசிக் காலத்தின் முடிவில் அற்றுப்போனது. இடைப்பட்ட காலத்தில் அதன் பல் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. ஆகவே எந்த வடிவப் பல் கிடைக்கிறது என்று பார்த்தால், அந்தக் கல் எந்தக் காலத்துக் கடலில் படிந்தது என்று சொல்லிவிடலாம்.

நிறமும் பேசும். சூடு படாத கோனோடான்ட் வெளிர் மஞ்சளாக இருக்கும். பூமிக்குள் ஆழமாகப் புதைந்து சூடேற ஏற, அதிலுள்ள கரிமப்பொருள் கருகிப் பழுப்பாகும். 300 பாகை செல்சியசுக்கு மேல் கறுத்துப்போகும். அதையும் தாண்டினால் வெளுத்துவிடும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அனிட்டா ஹாரிஸ் தம் சகாக்களோடு 1977இல் இதை அளவுகோலாகவே வகுத்துத் தந்தார். எந்தப் பாறையில் எண்ணெய் தங்கியிருக்கும், எதில் வெந்து போயிருக்கும் என்று கண்டுகொள்ள எண்ணெய் தேடுபவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு பல்லின் நிறம் வெப்பமானியாக வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவை நோக்கிப் போனால், செம்மோர் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். ஈப்போ கல்லுமலைக் கோயில் இருப்பதும் இப்படிப்பட்ட குன்றின் அடியில்தான். பழைய டெத்தீஸ் கடலின் தரையில் படிந்த கல் இது. அந்தக் கடல் மூடி, இரு நிலப்பகுதிகள் மோதிக்கொண்டபோது அடியிலிருந்து கிரானைட் குழம்பு ஏறியது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்குக்கு ஈயம் (வெள்ளீயம்) வந்தது அந்தக் கிரானைட்டோடுதான். ஆனால் அதே சூட்டில் சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் சலவைக்கல்லாக மாறிவிட்டது. கல்லின் படிகங்கள் புதிதாக வளர்ந்தபோது உள்ளே இருந்த ஓடுகளின் உருவம் அழிந்துபோனது. அதனால் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் வயதைச் சொல்லும் தொல்லுயிர் எச்சம் எளிதில் கண்ணில் படாது.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது ஈயலம்பம், அதாவது ஈயச் சுரங்கம். மேல்மண்ணை நீரால் அடித்துக் கழுவியபோது, அடியில் கிடந்த சுண்ணாம்புத் தரை வெளியே தெரிந்தது. கம்பார் ஊருக்கு மேற்கே அப்படி வெளிப்பட்ட பாறைப் படுகைகளை ஆராய்ந்து, நிலவியலாளர் டி. சுந்தரலிங்கம் 1968இல் கட்டுரை வெளியிட்டார். அங்கே கல் அவ்வளவாக வேகவில்லை. எச்சங்கள் தெளிவாக இருந்தன. படுகைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் கிம் லூங், நாம் லூங், எச். எஸ். லீ, எல்லாம் சுரங்கங்களின் பெயர்கள். லம்பத்தில் உழைத்தவர்கள் யாருக்கும் தாங்கள் பழைய கடல் தரையைத் திறந்துவிடுகிறோம் என்று தெரிந்திருக்காது.

அண்மைக் காலத்தில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுங்கை சிப்புட் பகுதியிலும் மாலிம் நாவாரிலும் துளையிட்டு, உருளை உருளையாகக் கல்லை வெளியே எடுத்தார்கள். அதில் கிடைத்த கோனோடான்ட்கள் டெவோனியன் காலக் கடைசியிலிருந்து கார்போனிபெரஸ் காலம் வரை, அதாவது சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அதற்குப் பிறகும், கடல் படிவு தொடர்ச்சியாக நடந்ததைக் காட்டின. நான் சைக்கிள் ஓட்டிப் பழகிய ஊருக்கு அடியில் அத்தனை காலம் வரிசை குலையாமல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். கோயில் குகைச் சுவரில் வேண்டாம். ரோட்டோரம் கிடக்கும் ஜல்லிக் கல் போதும். ஒரு சொட்டு வினிகர் விட்டுக் காதருகே வையுங்கள். சுண்ணாம்புக் கல்லானால் மெல்லச் சுரசுரக்கும். சத்தமே இல்லையென்றால் ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின்மேல் இன்னொரு சொட்டு விடுங்கள். இப்போது மட்டும் மெதுவாகக் குமிழ் வந்தால் அது டோலமைட்டாக இருக்கலாம். கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்த கல். இன்று எங்கள் தோட்டத்தில் ரப்பர் இல்லை, பாமாயில் தரும் செம்பனைதான். பழைய ஆசிட் ஜாடிகள் இருந்த இடத்தில் இந்தக் கல்லை அரைத்த மாவு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது, புளித்த மண்ணைச் சரிசெய்யச் செம்பனை அடியில் தூவுவதற்கு.