கூடு இல்லாத கூட்டத்தில் குரலே முகவரி

தெற்கு இந்தியப் பெருங்கடலில், பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட குரோசே தீவுக்கூட்டத்தில் பொசெசியோன் என்றொரு தீவு இருக்கிறது. அதன் கரையில் கிங் பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன. கடலுக்குப் போன தாயோ தந்தையோ வயிறு நிறைய மீனுடன் கரையேறும்போது, எதிரே பழுப்புத் தூவி போர்த்திய குஞ்சுகள் கும்பல் கும்பலாக நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. வந்த பறவை தன் ஒற்றைக் குஞ்சுக்கு மட்டுமே ஊட்டும். வேறு குஞ்சு நெருங்கினால் அலகால் கொத்தி விரட்டும். பெற்றவரின் குரலைத் தவறவிட்ட குஞ்சுக்கு அன்றைக்குப் பட்டினிதான்.

இந்தப் பறவைக்குக் கூடு கிடையாது. முட்டையைக் கால் பாதங்களின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, ஆணும் பெண்ணும் முறை மாற்றி ஏறக்குறைய 54 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சும் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக அதே பாதங்களின் மேல்தான் இருக்கும். அதன் பிறகு பெற்றோர் இருவருமே கடலுக்குப் போய்விடுவார்கள். குஞ்சு மற்றக் குஞ்சுகளோடு சேர்ந்து நிற்கும். குளிர்காலத்தில் ஒரு ஊட்டலுக்கும் அடுத்த ஊட்டலுக்கும் இடையே வாரங்கள், சில சமயம் மாதங்களே கடந்துவிடும். அத்தனை நாள் கழித்துக் கேட்டாலும் அது தன் வீட்டுக் குரல்தான் என்று குஞ்சுக்குத் தெரிய வேண்டும்.

திரும்பி வந்த பறவை முன்பு குஞ்சுக்கு ஊட்டிய பகுதியை நோக்கி நடக்கும். இடம் தரும் உதவி அந்த அளவோடு முடிந்துவிடும். பிறகு நின்று, கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு உயர்த்திக் கூவும். தன் குரலைக் கேட்ட குஞ்சு தலையைத் தூக்கிப் பதில் குரல் கொடுத்தபடி ஓடிவரும். மற்றக் குஞ்சுகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும்.

கேட்பதற்கு எளிது, ஒலியியல் கணக்கில் இது பெரும் சிக்கல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் இருந்த வலிமை 8 மீட்டரில் 18 டெசிபல் இறங்கிவிடும். நடுவே நிற்கும் உடல்கள் இன்னும் கொஞ்சத்தை விழுங்கும். இதைவிடக் கொடியது பின்னணி இரைச்சல். அலையின் ஓசையோ இயந்திர ஓசையோ என்றால் வேறு அலைவரிசையில் கத்தித் தப்பலாம். இங்கே இரைச்சலும் பென்குயின் குரல்தான்: அதே சுருதி, அதே நீளம், அதே உரப்பு. தியெரி ஓபான், பியேர் ஜுவான்தான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பென்குயினின் கூவல் கூட்டத்தின் இரைச்சலோடு சம வலிமைக்கு இறங்கும் தொலைவு 8 முதல் 9 மீட்டர்தான்.

ஆனால் குஞ்சுகள் அதையும் தாண்டிக் கேட்கின்றன. பெற்றோரின் குரலை மற்றப் பென்குயின்களின் குரல்களோடு கலந்து ஒலிக்கவிட்டபோது, இரைச்சலைவிட 6 டெசிபல் தாழ்ந்திருந்தபோதும் குஞ்சுகள் அதைப் பிரித்தறிந்தன. 6 டெசிபல் குறைவு என்றால் ஒலியின் ஆற்றல் இரைச்சலில் நாலில் ஒரு பங்கு. திருவிழாக் கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னால் காது சட்டென்று திரும்புமே, அதே திறன்தான். மனிதர்களிடம் இதை 1953-ல் ஆராய்ந்தவர் காலின் செர்ரி. காக்டெய்ல் பார்ட்டி விளைவு என்று பெயர்.

சரி, குஞ்சு குரலில் எதைப் பிடித்துக்கொள்கிறது? கிங் பென்குயினின் கூவல் ஒரே நீட்டல் அல்ல. அடுத்தடுத்து வரும் பல அசைகள். ஒவ்வொரு அசைக்குள்ளும் சுருதி ஏறி இறங்கும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: ஒரே சுரத்தை ஆளுக்கொரு விதமாக அசைத்துப் பாடும் கமகம் போன்றது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எங்கே வளைகிறது, எப்படி இறங்குகிறது என்ற வடிவம் பறவைக்குப் பறவை மாறும். ஒரே பறவையிடம் மாறாது. அடையாளம் இந்த வடிவத்தில் இருக்கிறது.

இதைக் கண்டறிந்த முறையையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பறவையின் கூவலைப் பதிவு செய்து, அது எந்தக் குஞ்சுக்கு ஊட்டுகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் அடையாளம் இடுவார்கள். பதிவைக் கணினியில் ஏற்றி ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றுவார்கள்: சுருதி அசைவை மட்டும் தட்டையாக்கிய குரல், உரப்பின் ஏற்ற இறக்கத்தை மட்டும் சமன் செய்த குரல், மேற்சுரங்களை வடிகட்டிய குரல், பாதியில் வெட்டிய குரல். பெற்றோர் கடலில் இருக்கும் நேரம் பார்த்து, ஒலிபெருக்கியைக் குஞ்சிலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்து, இயல்பான வலிமையில் ஒலிக்கவிடுவார்கள். தலை தூக்கியதா, பதில் கொடுத்ததா, ஓடிவந்ததா என்று குறிப்பார்கள்.

தவறு நேரக்கூடிய இடங்கள் பல. ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஒலித்தால், இரை வராத குரலுக்குக் குஞ்சு பழகிப்போய்ப் பேசாமல் நின்றுவிடும். அதை 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதினால் முடிவே கெட்டுவிடும். ஆகவே இடைவெளி வேண்டும், மாற்றாத குரலையும் ஒலித்து ஒப்பிட வேண்டும். சிறிய ஒலிபெருக்கிகள் தாழ்ந்த அதிர்வெண்களை ஒழுங்காகத் தராது. பென்குயின் குரலின் உயிரோ அங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு பறவையின் குரலை வைத்துப் பல குஞ்சுகளைச் சோதிப்பதும் பிழை. அப்போது அளக்கப்படுவது அந்த ஒரு குரலின் தனித்தன்மை மட்டுமே.

இப்படிச் சோதித்ததில், சுருதி அசைவை எடுத்துவிட்டால் குஞ்சு திரும்பிப் பார்ப்பதில்லை. உரப்பை மாற்றினால் கவலைப்படுவதில்லை. இதில் நியாயம் இருக்கிறது: குறுக்கே யார் நடந்து போகிறார்கள் என்பதைப் பொறுத்து உரப்பு கணத்துக்குக் கணம் மாறும், சுருதியின் வளைவை உடல்களால் கலைக்க முடியாது. இன்னும் வியப்பு, ஓர் அசையின் முதல் பாதி, அதாவது 0.23 நொடி, அதிலும் கீழ் மூன்று சீரிசைகள் (அடிச்சுரமும் அதன் மடங்குகளாகச் சேர்ந்தொலிக்கும் சுரங்களும்), அவ்வளவு போதும் குஞ்சுக்கு.

கால் நொடிக்கும் குறைவானது போதுமென்றால் ஏன் அத்தனை அசைகளைக் கூவ வேண்டும்? எந்தக் கால் நொடி இரைச்சலில் மூழ்காமல் போய்ச் சேரும் என்று கூவும் பறவைக்குத் தெரியாது. ஒரே செய்தியைப் பல முறை அனுப்பினால் ஏதாவது ஒன்று தப்பிப் போய்ச் சேரும். கிளாட் ஷானன் 1948-ல் தொலைத்தொடர்புக்காக வகுத்த தகவல் கோட்பாடு சொல்வதும் இதுதான்: தடத்தில் இரைச்சல் கூடினால் மீள்கூற்றைக் கூட்ட வேண்டும். தியெரி லாங்காஞ் குழுவினர் 1999-ல் குரோசேயில் இதை நேரடியாகவே அளந்தார்கள். காற்று வினாடிக்கு 8 மீட்டரை, அதாவது மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டியதும் பென்குயின்கள் கூடுதல் முறை கூவின; ஒவ்வொரு கூவலிலும் அசைகளின் எண்ணிக்கையும் கூடியது.

எம்பரர் பென்குயினிடம் இன்னொரு உத்தி இருக்கிறது. பறவையின் குரல் உறுப்பான சிரிங்ஸ், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்தது. அதன் இரு கிளைகளும் தனித்தனியே ஒலிக்க முடியும். இரண்டு ஒலிகளும் சுருதியில் சற்றே விலகியிருந்தால் விம்மல் பிறக்கும். தம்புராவின் இரண்டு தந்திகள் முழுதாகச் சேராதபோது ஒலி அலை அலையாகத் துடிக்குமே, அதுதான் விம்மல். ஒன்று 500 ஹெர்ட்ஸ், மற்றது 520 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 20 துடிப்பு. இரு கிளைகளின் சுருதி இடைவெளி ஒவ்வொரு பறவைக்கும் வேறு என்பதால் துடிப்பும் வேறு. அண்டார்க்டிகாவின் அடேலி நிலத்தில் எம்பரர் பென்குயின்களுக்கு இரு குரல்களில் ஒன்றை நீக்கி ஒலித்துப் பார்த்தார்கள், பறவைகள் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முடிவு 2000-ல் வெளியானது.

தாழ்ந்த அதிர்வெண்கள் ஏன் இத்தனை முக்கியம்? 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் குளிர்ந்த காற்றில் சுமார் 67 சென்டிமீட்டர். ஒரு பென்குயினின் அகலத்தைவிடப் பெரிது, ஆகவே உடலைச் சுற்றி வளைந்து போய்விடும். 4,000 ஹெர்ட்ஸ் என்றால் 8 சென்டிமீட்டர்தான். முதல் வரிசை முதுகுகளிலேயே பெரும்பகுதி முட்டி நின்றுவிடும்.

கூடு கட்டும் பென்குயின்களுக்கு இந்தப் பாடு இல்லை. அடேலி பென்குயின் கூழாங்கல் குவித்த தன் கூட்டுக்கே திரும்புகிறது. இடம் தெரிந்திருப்பதால், குரல் வெறும் சரிபார்ப்பு. அங்கே சுருதியும் குரலின் நிறமுமே போதும், கமகம் பார்ப்பதில்லை. செங்குத்துப் பாறை விளிம்பில் கூடு கட்டும் கிட்டிவேக் கடற்காகம் இன்னும் ஒரு படி கீழே: கூட்டில் வேற்றுக் குஞ்சை வைத்தாலும் அதை வளர்க்கும். அதன் குஞ்சு ஓர் அடி நகர்ந்தாலும் கடலில் விழும் என்பதால், கூட்டில் இருப்பது தன்னுடையதுதான் என்று அது நம்பலாம். தரையில் கூடு கட்டும் கடற்காகங்களின் குஞ்சுகளோ சில நாளில் நடமாடத் தொடங்கிவிடும். அங்கே குரல் அறிமுகம் தேவைப்படுகிறது.

பாறை விளிம்பிலேயே வாழ்ந்தும் நேர் எதிராக இருப்பது கில்லிமாட் என்ற கடற்பறவை. அதற்குக் கூடே கிடையாது. வெறும் பாறையில், சில இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் 20 இணைகள்கூட நெருக்கி நிற்கும். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஆய்வு செய்த சுவிஸ் ஆய்வாளர் பேயாட் சான்ட்ஸ் 1968-ல் எழுதினார்: குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே பெற்றோரின் குரலைக் கற்றுக்கொள்கிறது. ஓட்டில் விரிசல் விட்ட நாளிலிருந்து இரு தரப்பும் குரல் கொடுத்துப் பேசிக்கொள்ளும். பொரித்து வெளியே வரும்போது குஞ்சு தன் பெற்றோரின் அழைப்புக்கே நகரும். சுமார் மூன்று வாரத்தில், பறக்கத் தெரியாத நிலையிலேயே, அந்தி நேரத்தில் அது பாறையிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கிறது. கீழே அரையிருளில் நூற்றுக்கணக்கான பறவைகள் கத்திக்கொண்டிருக்க, தந்தையும் குஞ்சும் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்ந்து, அப்படியே நீந்தி ஆழ்கடலுக்குப் போகின்றன.