இங்கிலாந்தில் பாறை ஏறும் உரிமை: எங்கே உண்டு, எங்கே இல்லை?

"நேஷனல் பார்க்தானே, எங்கே வேண்டுமானாலும் ஏறலாம்" என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் அதிகம். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நேஷனல் பார்க்குகளின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். நமக்கு உரிமை தருவது, 'க்ரோ' (CRoW) என்று சுருக்கமாகச் சொல்லப்படும், நாட்டுப்புறம் மற்றும் வழி உரிமைகளுக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம். மலை, புதர்க்காடு, பதிவு செய்யப்பட்ட பொது நிலம் போன்றவற்றில் எவையெல்லாம் 'ஆக்சஸ் லேண்ட்' என்று வரையறுக்கப்பட்டுள்ளனவோ, அங்கே யாரிடமும் கேட்காமல் நடந்து போகலாம், பாறையும் ஏறலாம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் அந்த இடங்களுக்கு வெளிர் மஞ்சள் நிறம்.

"நடந்து" என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். சைக்கிள், கூடாரம், தீ மூட்டுவது எதுவும் இந்த உரிமையில் சேராது. வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும் இடமும், தோட்டமும் விலக்கு. மஞ்சளுக்கு வெளியே உள்ள பாறை என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். கட்டுப்பாட்டை மீறினால் அத்துமீறியவர் ஆகிவிடுவீர்கள்; வெளியேறிய பிறகும் 72 மணி நேரத்துக்கு அந்த நிலத்தில் உரிமை கிடையாது. நாயை மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பறவைகள் விஷயம். பெரக்ரின் வல்லூறு பெரும்பாலும் செங்குத்துப் பாறையில் உள்ள திட்டுகளில்தான் முட்டையிடும். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, கூட்டில் இருக்கும் வல்லூறை வேண்டுமென்றோ அசட்டையாகவோ தொந்தரவு செய்வது குற்றம்; தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் வசந்தகாலத்தில் சில பாறைகளில் ஏறத் தடை வரும். எந்தப் பாறையில் எதுவரை என்பதை பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சிலின் 'ராட்' பட்டியலில் கிளம்பும் முன் பாருங்கள். பட்டியலில் இல்லாத பாறையிலும், பாதி ஏறியபோது ஒரு வல்லூறு தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் உடனே இறங்கிவிடுங்கள். அது வெளியே சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், 2003-இல் வந்தது. அங்கே உரிமை இன்னும் விரிவானது. பொறுப்போடு நடந்துகொள்வதுதான் அதற்கு நிபந்தனை.

நில உரிமையாளருக்கும் நமக்கும் மனக்கசப்பு பெரும்பாலும் பாறையில் வருவதில்லை, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில்தான். வயல் கேட்டின் முன்னால் காரை நிறுத்தாதீர்கள். டிராக்டர் எந்த நேரமும் வரும். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் நுழைந்ததும் மூடுங்கள்.