கிராபிக்ஸ் கார்ட் 84 பாகை காட்டினால் பயப்பட வேண்டுமா?

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கும் மாதங்களில், திருகோணமலையில் கம்ப்யூட்டர் திருத்தும் எங்களைப் போன்றவர்களிடம் அதிகம் வருவது ஒரு கேள்விதான். "அண்ணா, கேம் விளையாடக்குள்ள கார்ட் 84 காட்டுது. எரிஞ்சு போயிடுமா?" கேட்பவர் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுத் தம்பியாக இருப்பார். பல மாதம் காசு சேர்த்தோ, வெளிநாட்டில் இருக்கும் மாமாவைக் கேட்டோ வாங்கிய கிராபிக்ஸ் கார்ட், அதாவது கேமின் படங்களைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் பாகம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

எரியாது தம்பி. ஆனால் 84 என்ற எண்ணை மட்டும் கேட்டுவிட்டு உங்கள் கார்ட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அறை எத்தனை பாகையில் (செல்சியஸ்) இருந்தது?

கார்டை விசிறி எவ்வளவுதான் குளிர்வித்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் கார்ட் எத்தனை பாகை ஏறுகிறது என்பதுதான் கணக்கு. யூடியூப்பில் கார்டைச் சோதித்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், 20 முதல் 25 பாகைக்குள் சோதிப்பார்கள். 22 பாகை அறையில் 68 காட்டினால் ஏற்றம் 46. அதே கார்டை உப்புவெளியில் சீற் கூரைக்குக் கீழே, ஆவணி மாத மதியத்தில், 34 பாகை அறையில் ஓட்டினால் ஏறத்தாழ 80 காட்டும். கார்டில் ஒரு குறையும் இல்லை, ஊர் வெயில்தான் அந்த 12 பாகை. ஆனால் மார்கழி மழையில், அறை 26 பாகையில் இருக்கும்போது அதே கார்ட், அதே கேமில் 80 காட்டினால் ஏற்றம் 54 ஆகிவிட்டது. அப்போதுதான் நான் கார்டைக் கழற்றிப் பார்ப்பேன்.

முதலில் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். கார்டுகளின் சிப்பை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் தன் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்குக் கொடுத்திருக்கும் உச்ச வெப்பநிலை 93 பாகை, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 90, பழைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்கு 94. அந்த எல்லையை நெருங்கும் முன்பே கார்ட் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என்விடியா கார்டுகளில் பல 83 பாகையை ஒட்டியே அந்த வேலையைத் தொடங்கிவிடும். அதையும் மீறிச் சூடேறினால் கார்ட் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆகவே நம் ஊர் அறைகளில், முழு வேலையில் 70 முதல் 83 வரை காட்டினால் நான் நிம்மதியாக விடுவேன். 85-ஐத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் காரணம் தேடுவேன். லப்டொப்பில் இடம் குறைவு, அதனால் இன்னும் சில பாகை கூடுதலாக இருப்பது வழமை.

என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்ட் வைத்திருப்பவர்கள் இன்னொரு எண்ணைப் பார்த்துக் கலங்குவார்கள். ஹாட்ஸ்பாட் அல்லது ஜங்ஷன் என்று போட்டிருக்கும். சிப்புக்குள் பல இடங்களில் இருக்கும் உணரிகளில் அதிகச் சூடான இடத்தின் எண் அது. 2019இல் வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டுக்கு அந்த எண் 110 வரை போகலாம் என்று ஏஎம்டியே சொன்னது. 95 காட்டியவுடன் கார்டை விற்க ஓடவேண்டாம். சாதாரண வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10 முதல் 20 பாகை இயல்பு. 30-ஐத் தாண்டினால் சிப்புக்கும், அதன் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங் சரியாகப் பதியாமல் இருக்கும்.

சோதிக்கும் முறை எளிது, ஆனால் ஒரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கார்டின் விசிறி தானியங்கி முறையில் இருந்தால், தூசி அடைத்தாலும் வெப்பநிலை பெரிதாக மாறாது. விசிறி வேகத்தைக் கூட்டி அந்தக் குறையை மறைத்துவிடும். போன வருடமும் 75, இந்த வருடமும் 75, ஆனால் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடிய விசிறி இப்போது 2,300இல் இரைகிறது. அதனால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் விசிறியின் வேகத்தை 70 சதவீதத்தில் மாறாமல் வையுங்கள். உங்களிடம் இருப்பதில் பாரமான ஒரு கேமை, எப்போதும் அதே இடத்தில், அதே செட்டிங்கில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் வெப்பநிலை, ஹாட்ஸ்பாட், கார்ட் எடுக்கும் வாட் மூன்றையும் பாருங்கள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானியில் அறையின் வெப்பத்தையும் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கச்சானில் ஒருமுறை, வாடைக்காற்று வீசும் மழைக்காலத்தில் ஒருமுறை செய்தால் போதும். ஏற்றம் 5 பாகை கூடியிருந்தால் தூசி தட்டவேண்டும். 10-ஐத் தாண்டியிருந்தால் பேஸ்ட் மாற்றும் நேரம்.

தூசி என்று சொல்கிறேன், ஆனால் இங்கே அது ஊருக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். தம்பலகாமத்திலிருந்து வரும் கம்ப்யூட்டர் பெட்டிகளில் அறுவடைக் காலத்து வயல் தூசி இருக்கும். காய்ந்த தூசி, புளோவர் அடித்தால் பறந்துவிடும். திருக்கடலூர், சல்லி போன்ற கடலோரத்திலிருந்து வருவது வேறு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தூசி பசைபோல் ஒட்டி, ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பூ பூத்திருக்கும், திருகாணி துருப்பிடித்திருக்கும். புளோவருக்கு அது அசையாது. மென்மையான பிரஷும் ஐசோபுரொப்பைல் அல்ககோலும் கொண்டு பொறுமையாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கவேண்டும். புளோவர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுப்போகும்.

சூட்டுக்குப் பயந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசை ஃபேனைத் திருப்பி வைப்பவர்கள் ஏராளம். கடலோர வீட்டில் இதைவிடக் கெடுதல் இல்லை. உப்புக் காற்று நேராகப் போர்டில் படும், பல்லியும் எறும்பும் குடியேறும். ஆனால் சோதனைக்காகக் கொஞ்ச நேரம் கழற்றிப் பார்ப்பது நல்லது. கழற்றியவுடன் 8, 10 பாகை இறங்கினால் குற்றம் கார்டில் இல்லை, பெட்டிக்குள் காற்று போய் வர வழியில்லை என்று பொருள்.

அதற்குப் பெரும்பாலும் மேசைதான் காரணம். கம்ப்யூட்டர் மேசை என்று விற்பதில் பெட்டி வைக்க ஒரு மூடிய அறை இருக்குமே, அதை நான் வெறுக்கிறேன். பின்னால் வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதி, சுற்றி வந்து, முன்னால் மறுபடி உள்ளே போகிறது. பெட்டியை வெளியே எடுத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். காசு செலவில்லாமல் பல பாகை இறங்கும். அறைக் கதவையும் திறந்துவிடுங்கள். கார்ட் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வருகிறது. 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060, அதோடு புரொசஸர், மொனிற்றர் எல்லாம் சேர்ந்தால் அடைத்த அறைக்குள் சிறிய ஹீற்றர் வைத்த மாதிரி. ஏசி இருந்தால் 26, 27இல் வைத்தாலே போதும்.

அப்புறம் எஃப்பிஎஸ், அதாவது கார்ட் ஒரு நொடியில் வரையும் படங்களின் எண்ணிக்கை. உங்கள் மொனிற்றர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் காட்டுவது என்றால் கேம் 180 ஓடுவதில் அதிக லாபமில்லை, அத்தனையும் சூடு. மொனிற்றரின் அளவுக்குக் கட்டுப்படுத்திவிடுங்கள். மெனு திரையிலும் இது முக்கியம், ஏனென்றால் கட்டுப்பாடில்லாத மெனு சிலவேளை கேமைவிடக் கார்டை வாட்டும். 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் கேமின் பரீட்சார்த்தப் பதிப்பில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப்போயின. ஒரு தயாரிப்பாளர் தன் கார்டுகளில் ஈயப்பற்று (சோல்டரிங்) சரியில்லாததே காரணம் என்று பின்னர் ஒத்துக்கொண்டார். ஆனாலும் கேம் நிறுவனம் மெனுவில் எஃப்பிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தியது. இன்னும் சூடு குறைய வேண்டும் என்றால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்ட் எடுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவை) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் வித்தியாசம் தெரிவதே கடினம், சூடும் விசிறிச் சத்தமும் மட்டும் நன்றாகக் குறையும்.

பழைய கார்ட் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். 2022 செப்டெம்பரில் எதேரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி எதேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிப்பது) நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. இப்போதும் கைமாறுகின்றன. அவற்றில் பலவற்றில் மெமரிக்கு மேலிருந்து அதன் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை போன்ற பாட் காய்ந்து எண்ணெய் விட்டிருக்கும். சிப் 65 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், மெமரி 100-ஐத் தாண்டிக் கொதிக்கும். காசு கொடுக்கும் முன் 20 நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஹாட்ஸ்பாட்டும், கார்ட் காட்டுமானால் மெமரி வெப்பநிலையும் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். பாட் மாற்றும்போது பழையதன் தடிப்பிலேயே புதியதைப் போடவேண்டும். அரை மில்லிமீற்றர் கூடினாலும் ஹீட்சிங் சிப்பில் பதியாது.

விளையாடும்போது திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ தெறித்தால், கருகிய மணம் வந்தால், பாரமான கேமிலும் விசிறி சுற்றாமல் நின்றால், உடனே நிறுத்திவிட்டு வயரைக் கழற்றுங்கள். வேலை இல்லாதபோது விசிறி நிற்பது மட்டும் கோளாறு இல்லை. இன்றைய கார்டுகள் பல 50, 60 பாகை வரை விசிறியை நிறுத்தியே வைத்திருக்கும். செத்த கார்டை அவணில் வைத்துச் சுடுவதும், ஹீட் கன் என்ற சூடான காற்று அடிக்கும் கருவியைப் பிடிப்பதும் இணையத்தில் வைத்தியமாக உலாவுகின்றன. சில நாள் உயிர் வந்ததுபோல் இருக்கும், பிறகு திருத்தவே முடியாத நிலையில் எங்களிடம் வரும். சமைக்கும் அவணில் போர்டும் பிளாஸ்டிக்கும் சூடேறிய புகையைப் பிள்ளைகள் மூச்சாக இழுப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கார்டை அப்படியே பையில் போட்டு, அந்தக் கொப்பியில் எழுதிய எண்களோடு கொண்டுவாருங்கள். குறை பேஸ்ட்டிலா, விசிறியிலா, மின்சுற்றிலா என்று தேடும் நேரம் அதனால் பாதியாகக் குறையும்.