உருளையைச் சுற்றி ஒரு காடி: கேட் மென்பொருளில் முறுக்குப் பரப்புகள்

நூல் சுற்றும் எந்திரங்களிலும் பொட்டலமிடும் எந்திரங்களிலும் பேரல் கேம் என்ற உறுப்பு உண்டு. உருளை வடிவ எஃகுத் தண்டின் மேற்பரப்பில் சுருண்டு ஏறும் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு ரோலர் பொருந்தியிருக்கும். தண்டு சுழலும்போது காடியின் சுவர் ரோலரைத் தள்ளுவதால், ரோலருடன் பிணைந்த பாகம் தண்டின் நீளவாட்டில் நகர்கிறது. எளிதாகத் தோன்றும் இந்தக் காடியை கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளில் பிழையின்றி உருவாக்குவதற்கு, முறுக்குப் பரப்பு எவ்வாறு பிறக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பலரும் முதலில் கையாளும் வழி ஸ்வீப் கட், அதாவது ஒரு வடிவத்தைப் பாதை வழியே ஓட்டி வெட்டும் கட்டளை. ஹெலிக்ஸ் எனும் சுருள்பாதை ஒன்றை வரைந்து, அதன் முனையில் காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ற செவ்வகத்தை ஸ்கெட்ச் செய்து, அதை ஹெலிக்ஸ் வழியே ஓடவிட்டால் காடி உருவாகிவிடும். திரையில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்த மாடலின்படியே பாகத்தைச் செய்தால், மேல் விளிம்பில் சரியாக நுழையும் ரோலர் உள்ளே செல்லச் செல்ல இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

காரணம் சாய்வுக் கோணத்தில் இருக்கிறது. சுழல்படிக்கட்டில் வெளிவிளிம்பை ஒட்டி ஏறினால் ஏற்றம் மிதமாகவும், நடுத்தூணை ஒட்டி ஏறினால் செங்குத்தாகவும் இருக்கும். ஏறும் உயரம் ஒன்றே, சுற்றும் தொலைவுதான் வேறு. காடியிலும் அப்படியே. தண்டின் ஆரம் 30 மி.மீ., காடியின் ஆழம் 10 மி.மீ., ஒரு சுற்றுக்கு ஏறும் தொலைவு 100 மி.மீ. என்று கொள்வோம். வெளிப்பரப்பில் சாய்வு ஏறத்தாழ 28 பாகையாகவும், 20 மி.மீ. ஆரத்தில் உள்ள அடிப்பகுதியில் 38.5 பாகையாகவும் இருக்கும். செவ்வகமோ வெளிப்பரப்பின் சாய்வுக்கு மட்டுமே செங்குத்தாக நிற்கிறது. அடிப்பகுதியில் அது 10.6 பாகை விலகி நிற்பதால், 12 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் அங்கே சுமார் 11.8 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. ரோலருக்கு 0.2 மி.மீ. இடப்பற்றாக்குறை என்பது மிகப் பெரிது.

உண்மையான எந்திரத்தில் செவ்வகம் எதுவும் நகர்வதில்லை. எண்ட் மில் என்ற உருளை வடிவ வெட்டுக்கருவி, தன் அச்சு தண்டின் மையத்தை நோக்கி இருக்க, சுருள்பாதையில் செல்கிறது. அது கடந்துசென்ற இடங்கள் அனைத்தின் எல்லையே காடியின் சுவர். எந்தவொரு கணத்திலும் கருவி அந்த இறுதிச் சுவரைத் தொடுவது ஒரு கோட்டின் வழியே மட்டும்தான். அந்தக் கோடு நேர்கோடும் அன்று. மேலிருந்து கீழே வரும்போது, மாறும் சாய்வுக்கு ஏற்ப, அது கருவியின் உடலைச் சுற்றி அதே 10.6 பாகை திரும்பி இறங்குகிறது. சுவருக்கு முறுக்கு வருவது இதனால்தான்.

இந்த உண்மையை மாடலுக்குள் கொண்டுவர ஒரு நேர்வழி, கருவியின் திண்ம வடிவத்தையே பாதையில் ஓட்டி வெட்டுவது. சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளின் ஸ்வீப் கட்டில் திண்ம உருவை நகர்த்தும் தெரிவு உண்டு. ஆனால் அந்த உரு குவிந்த வடிவமாகவும், கோடுகளும் வட்டவில்களும் மட்டும் கொண்ட சுழல்வடிவமாகவோ நேர் உருளையாகவோ இருக்க வேண்டும். கணக்கீடும் கனமானது. நான் விரும்புவது வேறொரு வழி. கருவியின் அச்சுக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த 10 மி.மீ. நேர்கோட்டைச் சுருள்பாதையில் ஓட்டினால் தடிப்பற்ற ஒரு முறுக்குப் பரப்பு கிடைக்கும். அதற்கு இருபுறமும் 6 மி.மீ. தடிப்புக் கொடுத்து, அந்தத் தடித்த உருவால் தண்டை வெட்ட வேண்டும். கருவி சுவரைத் தொடும் ஒவ்வொரு புள்ளியும் அச்சு வரைந்த பரப்பிலிருந்து செங்குத்துத் திசையில் சரியாக ஓர் ஆரத் தொலைவில் இருப்பதால், இவ்வாறு கிடைக்கும் சுவர் எண்ட் மில் விட்டுச்செல்லும் சுவரேதான். காடியின் இரு முனைகளிலும் 12 மி.மீ. விட்டமுள்ள துளை ஒன்றைச் சேர்த்தால் வடிவம் முழுமையாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நகரும் கோட்டின் திசையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் திசைகளை வரையறுக்க, பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபிரெனே 1847இல் விளக்கிய சட்டகத்தில் திசை பாதையின் வளைவைப் பின்பற்றும். சீரான ஹெலிக்ஸில் அது தண்டின் மையத்தையே நோக்கும். ஆனால் கேமின் பாதையில் ஏற்றம் கூடியும் குறைந்தும் மாறும் இடங்களில் அந்தத் திசை மையத்தைவிட்டுச் சாய்ந்துவிடும். திருகலைக் குறைக்கும் தெரிவைக் கொடுத்தாலும் கோடு மெல்ல மெல்ல விலகிச் செல்லும். தண்டின் உருளைப்பரப்பையோ அச்சையோ வழிகாட்டியாகக் கொடுத்து, கோடு எப்போதும் அதற்குச் செங்குத்தாக நிற்குமாறு கட்டுப்படுத்துவதே முறை.

தடிப்பு கொடுப்பதற்கும் எல்லை உண்டு. பரப்பின் வளைவு ஆரம் எங்கேனும் தடிப்பைவிடச் சிறிதானால், சுவர் தன்மேலேயே மடிந்து கட்டளை தோல்வியடையும். நம் எடுத்துக்காட்டில் அந்த ஆரம் மிகச் சிறிதாக உள்ள காடியின் அடியிலும் 41 மி.மீ. இருப்பதால் சிக்கல் இல்லை. ரோலர் சட்டென்று திசைமாறும் பாதைகளில்தான் இது நேர்கிறது. அப்போது மென்பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தப் பாதையில் எண்ட் மில்லும் சுவரை அரித்துத் தள்ளிவிடும் என்பதால், பாதையைத்தான் திருத்த வேண்டும்.

கேட் மென்பொருள்கள் தடையற்ற வளைபரப்புகளைச் சேமிக்கும் நர்ப்ஸ் முறை, வட்டத்தைத் துல்லியமாகக் குறிக்க வல்லது. ஹெலிக்ஸை அவ்வாறு குறிக்க இயலாது. அங்கே பாதை சிறு சிறு துண்டுகளாக, ஒரு பிழை வரம்புக்குள் தோராயப்படுத்தப்படுகிறது. அந்த வரம்பு பட்டறையின் அளவுகளோடு ஒப்பிட மிக நுண்ணியதாக இருப்பதால், இதனால் கேமுக்குப் பாதிப்பு இல்லை.

பாதிப்பு வரக்கூடிய இடம் கருவியின் விட்டம். 12 மி.மீ. காடியை 10 மி.மீ. எண்ட் மில்லால் இரு பக்கமும் 1 மி.மீ. நகர்த்தி வெட்டினால், வெளிப்பரப்பில் அகலம் சரியாக இருக்கும். அடியிலோ ஒவ்வொரு சுவரும் சுமார் 0.017 மி.மீ. உள்ளே நிற்கும். ரோலருக்கு விடப்படும் இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்குமானால், எந்தக் கருவியால் வெட்டப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து மாடலை வரைய வேண்டும்.